ஓர் உடலில் பலராய் வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே உடலைப் பகிர்ந்துகொண்டு பலராக வாழ்பவர்களும், அவர்களுடைய நண்பர்களும், துணைவர்களும், பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நாங்களும் அப்படி வாழ்பவர்கள்தாம். அதனால் எங்களைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. வாழ்ந்து தெரிந்துகொண்டதையும் படித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டும் சொல்கிறோம்.

சிஸ்டம் என்று யாரைச் சொல்கிறார்கள்?

ஓர் உடலுக்குள் 'நான்' என்ற தனி உணர்வோடு ஒருவருக்கு மேல் இருந்தால், அவர்கள் எல்லோரையும் சேர்த்து சிஸ்டம் என்பது வழக்கம். உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், வயது, பாலினம், கையெழுத்து, விருப்பு வெறுப்பு, நினைவுகள் இருக்கலாம். சிலரிடம் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சிலரிடம் ஒருவர் எங்கே முடிகிறார், அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று அவர்களுக்கே பிடிபடாது. இரண்டுமே நடப்பதுதான்.

மருத்துவ எழுத்தில் உள்ளே இருப்பவர்களை ஆல்ட்டர் என்பார்கள். நாங்கள் இங்கே 'உள்ளிருப்பவர்' என்று எழுதுகிறோம். அந்த நேரத்தில் உடலை நடத்துபவர் 'முன்னால்' இருக்கிறார். ஒருவர் பின்வாங்கி இன்னொருவர் முன்னால் வருவது ஸ்விட்ச்.

இது நோய்தானே?

பலராக இருப்பது ஓர் அனுபவம். அதனால் துன்பமோ, வேலை, படிப்பு, உறவு இவற்றில் தடையோ ஏற்படும்போதுதான் மருத்துவம் அதற்கு நோய்ப்பெயர் தருகிறது. அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு 1980-இல் இதை 'மல்ட்டிப்பிள் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்று தனி நோயாகச் சேர்த்தது. 1994-இல் வந்த நான்காம் பதிப்பு பெயரை 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்' என்று மாற்றியது, சுருக்கமாக டிஐடி. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் டிஐடி-யோடு 'பகுதி டிஐடி' என்ற வகையும் உண்டு. அதில் பெரும்பாலும் ஒருவரே முன்னால் இருப்பார். மற்றவர்கள் உடலை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் எண்ணமாக, குரலாக, திடீர் உணர்ச்சியாக உள்ளே வந்து போவார்கள்.

டிஐடி என்று சொல்ல, அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 கேட்பவை இவை: இரண்டோ அதற்கு மேலோ தனித்த ஆளுமை நிலைகள், சாதாரண மறதியென்று சொல்ல முடியாத நினைவு இடைவெளிகள், துன்பம் அல்லது தடை. சமூகமும் சமயமும் இயல்பாக ஏற்றுக்கொண்ட அருள்நிலை போன்ற அனுபவங்களை இதில் சேர்க்கக் கூடாது என்றும், போதையாலோ வலிப்பு போன்ற உடல்நோயாலோ வருவதை இதுவென்று சொல்லக் கூடாது என்றும் அது தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே பலராக இருந்தும் துன்பமின்றி வாழ்கிறவருக்கு நோய்ப்பெயரே தேவைப்படாமல் போகலாம். சிகிச்சை வேண்டியவருக்கு அந்தப் பெயர் ஒரு கதவைத் திறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒருவர் உண்மையாகச் சொல்கிறாரா என்று அளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இது ஏன் உண்டாகிறது?

டிஐடி பற்றிப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. பிறக்கும்போது யாருக்கும் ஒருங்கிணைந்த 'நான்' கிடையாது. பசி, பயம், விளையாட்டு, பாசம் என்று தனித்தனி நிலைகளாக இருப்பவை வளர வளர ஒன்றோடொன்று இணைகின்றன. அந்த வயதில் தாங்க முடியாத கொடுமை திரும்பத் திரும்ப நடந்தாலோ, பாதுகாக்க வேண்டியவரே பயமுறுத்துபவராகவும் இருந்தாலோ, இணைய வேண்டியவை இணையாமலே நிற்கின்றன. காலையில் அதே பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தை, இரவில் நடந்ததை அறிந்துகொண்டே போக முடியாது. அறியாத ஒருவர் போகிறார். அறிந்த ஒருவர் உள்ளேயே தங்குகிறார். அந்தக் குழந்தை உயிரோடு வளர்ந்தது அந்தப் பிரிவால்தான்.

நினைவும் உணர்ச்சியும் உடலறிவும் ஒன்றிலிருந்து ஒன்று அறுந்து நிற்கும் இந்த நிலைக்கு டிசோசியேஷன் என்று பெயர். பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1889-இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். மாற்றுக் கருத்தும் உண்டு: சிகிச்சையாளரின் தூண்டுதலாலும் சுற்றியுள்ள கதைகளாலும் இது உருவாகிறது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், விவாதம் ஓயவில்லை.

தங்களுக்கு அப்படியொரு காயம் இல்லை, நினைவு தெரிந்த நாள் முதல் பலராகவே இருக்கிறோம் என்பவர்களையும் நாங்கள் அறிவோம். வேண்டுமென்றே பழகி உள்ளே ஒரு துணையை உருவாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யார் 'அசல்' என்ற சண்டை சிஸ்டங்களுக்கிடையே கடுமையாக நடக்கிறது. நாங்கள் அதில் சேருவதில்லை. ஒருவர் தன் உள்வாழ்க்கையைச் சொல்லும்போது, அதற்கு விலையாக அவருடைய கொடுமைகளைக் காட்டச் சொல்வது மிகப் பெரிய அநியாயம்.

ஸ்விட்ச் நடக்கும்போது எப்படி இருக்கும்?

கதைகளில் வருவதுபோல் கண்கள் செருகி, குரல் மாறி, எல்லோரும் திடுக்கிடும்படி நடப்பது அரிது. டிஐடி-யின் இயல்பே மறைந்திருப்பது. வெளியே தெரிந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அது பாதுகாப்பாக இருந்திருக்காது. பெரும்பாலும் ஒரு கணம் வெறிக்கும் பார்வை, கண் சிமிட்டல், உட்காரும் விதத்தில் சிறு மாற்றம், பேச்சின் வேகத்தில் வேறுபாடு. பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளே பலவிதமாக இருக்கும். சில நேரம் இருவர் சேர்ந்தே முன்னால் இருப்பார்கள். ஒருவர் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் யாரும் மாறவில்லை, ஆனால் காரணமில்லாத அழுகையோ கோபமோ கையைப் பிடித்து இழுக்கும், அது வேறொருவருடையது. சில நேரம் நேரமே காணாமல் போகும். சமையலறையில் இருந்தவர் தெருவில் நிற்பார். யாரோ பேசி முடித்த உரையாடலின் நடுவில் விழிப்பார். தான் வாங்காத சட்டை அலமாரியில் இருக்கும். இதைப் பல ஆண்டுகளாகச் சமாளித்து வருகிறவர்கள் சிரித்து மழுப்புவதில் தேர்ந்துவிடுகிறார்கள். தங்களுக்கு நினைவு விடுபடுகிறது என்பதையே மறந்துவிடும் அளவுக்கு.

நினைவு விடுபட்டால் அன்றாட வேலைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

எழுதி வையுங்கள். இதைவிடப் பயனுள்ள வழி எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் எழுதக்கூடிய ஒரு நோட்டு, எப்போதும் ஒரே இடத்தில். இன்று என்ன நடந்தது, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம், சாப்பிட்டாயிற்றா, மருந்து போட்டாயிற்றா. பெயர் எழுத விரும்பாதவர் எழுத வேண்டாம். வேறு நிற மையில் எழுதட்டும், படம் வரையட்டும். முதல் சில வாரங்கள் ஒருவர் மட்டுமே எழுதுவது வழக்கம். பக்கத்தைக் கிழிப்பவரும் இருப்பார். அவரைத் திட்டாமல், கிழிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் 'எது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?' என்று எழுதிப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் நோட்டை நம்பாதீர்கள். கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி வேண்டும். ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போட்டுவிடுவது உண்மையான ஆபத்து.

பணத்துக்கு விதி வேண்டும். ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு தொகை. அதற்கு மேல் செலவென்றால் ஒரு நாள் பொறுத்து, நோட்டில் எழுதி, மற்றவர்களுக்குப் பார்க்க நேரம் கொடுத்த பிறகுதான். வேலை நேரத்தில் யார் முன்னால், வாகனம் ஓட்டத் தெரியாதவர் முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் அமைதியான நாளில் பேசி வைக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பேசியில் உள்ள 'நீ எங்கே இருக்கிறாய், யாரை அழைக்க வேண்டும்' என்ற குறிப்பைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

உள்ளே பேசிப் பழகுவதற்குக் காலம் ஆகும். முதலில் பதிலே வராது. சுவரிடம் பேசுகிறோமோ என்று தோன்றும். அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

உள்ளே ஒருவர் எங்களை ஓயாமல் இழிவாகப் பேசுகிறார். உடலைக் காயப்படுத்தச் சொல்கிறார். அவரை எப்படி வெளியேற்றுவது?

வெளியேற்ற முடியாது, முயலவும் வேண்டாம். இந்தக் கேள்வியோடு வருபவர்கள் மிகவும் களைத்திருப்பார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறோம்.

இப்படிப்பட்டவர் பல சிஸ்டங்களில் இருக்கிறார். கொடுமை செய்தவரின் குரலிலேயே பேசுவார், சில நேரம் அவருடைய பெயரையே வைத்திருப்பார். ஆனால் அவர் அந்த ஆள் அல்ல. அடி விழுவதற்கு முன்பே குழந்தையை அடக்கி வைத்தால் அடி குறையும் என்று கண்டுகொண்டவர் அவர். 'வாயைத் திறக்காதே, அழாதே, யாரையும் நம்பாதே' என்பதெல்லாம் அன்று உயிரைக் காத்த கட்டளைகள். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் அதைச் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, இந்த உடலுக்கு என்ன வயது, எந்த ஊரில் இருக்கிறோம், கதவின் சாவி யார் கையில் இருக்கிறது. பிறகு கேளுங்கள்: 'நான் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?' பதில் உறுமலாக வந்தாலும் பதில்தான். காயப்படுத்துவதற்குச் சம்மதம் இல்லை என்பதில் உறுதியாக இருங்கள். அவர் இருப்பதற்கு இடம் உண்டு என்பதிலும் அதே உறுதியோடு இருங்கள். முன்பு மிகக் கொடூரமாகப் பேசியவரே பின்னாளில் 'இந்த ஆளிடம் கவனமாக இரு' என்று சரியான நேரத்தில் எச்சரிப்பவராக மாறுவதை எங்களிடமும் மற்ற சிஸ்டங்களிடமும் பார்த்திருக்கிறோம்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்தப் பேச்சுவார்த்தைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். டிஎஸ்எம்-5 சொல்வதன்படி, வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெறும் டிஐடி உள்ளவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றவர்கள். உடனே நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

குழந்தைகளுக்குச் செய்வதைத்தான். போர்வை, வண்ணப் பென்சில், இரவு விளக்கு, பயமில்லாத கதை. அவர்கள் முன்னால் வருவதற்குப் பாதுகாப்பான நேரத்தை ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் பாதுகாப்பில்லாத நேரத்தில் வருவார்கள். அவர்களிடம்தான் பழைய நினைவுகள் அதிகம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவலில் யாரும் அவர்களைத் துருவக் கூடாது, நீங்களும்தான்.

இதுவும் ஸ்கிசோஃப்ரீனியாவும் ஒன்றா? இவர்கள் ஆபத்தானவர்களா?

ஒன்றல்ல. ஸ்கிசோஃப்ரீனியா வேறு நோய். பல அடையாளங்கள் என்பது அதன் அறிகுறியே அல்ல. இரண்டிலும் குரல்கள் கேட்கலாம் என்பதால் குழப்பம் வருகிறது. உள்ளே ஒரு கொலைகாரர் ஒளிந்திருப்பார் என்பது திரைக்கதைகள் பரப்பிய பொய். நாங்கள் அறிந்த சிஸ்டங்களில் வன்முறை திரும்புவது பெரும்பாலும் தங்கள் மீதே.

நான் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டு நடிக்கிறேனோ?

இந்தக் கேள்வியை நாங்களும் கேட்டுக்கொள்கிறோம், இன்னமும். இது பெரும்பாலும் உள்ளே பேச்சு நன்றாக நடந்த அடுத்த நாளோ, ஒரு பழைய நினைவு மேலே வந்த அடுத்த நாளோ வரும். அறியாமல் இருப்பதுதான் இந்த அமைப்பின் அடித்தளம் என்பதால், அறிந்தவுடன் அது தன்னைத் தானே மூடிக்கொள்ளப் பார்க்கிறது. இன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லை. 'இது எதுவாக இருந்தாலும், நினைவு விடுபடுகிறது, பயமாக இருக்கிறது, நோட்டு எழுதினால் கொஞ்சம் நன்றாக இருக்கிறது' என்ற அளவில் நின்றுகொண்டு வேலையைப் பாருங்கள்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

டிஐடி-யைக் குணமாக்கும் மருந்து என்று எதுவும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை இவற்றுக்கு மருந்து உதவும். முதன்மையான சிகிச்சை, நீண்ட காலம் நடக்கும் பேச்சு சிகிச்சைதான். காயத்தையும் டிசோசியேஷனையும் ஆராயும் பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்எஸ்டிடி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று கட்டங்களைச் சொல்கிறது: பாதுகாப்பும் நிலைபெறுதலும், பிறகு பழைய நினைவுகளோடு வேலை, பிறகு ஒருங்கிணைவும் புது வாழ்க்கையும். முதல் கட்டத்திலேயே ஆண்டுகள் போகலாம், அது வீணான காலம் அல்ல. முதல் சந்திப்பிலேயே 'என்ன நடந்தது, முழுவதும் சொல்' என்று கேட்கும் சிகிச்சையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மறந்த நினைவை ஹிப்னாஸிஸால் தோண்டி எடுக்கிறேன் என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அப்படி எடுக்கப்படுவதில் நடக்காதது கலந்துவிடும்.

டிசோசியேஷன் அனுபவங்களை அளக்கும் டெஸ் என்ற 28 கேள்விகள் கொண்ட படிவம் 1986 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அது மேலும் பார்க்க வேண்டுமா என்று காட்டும்; நோய் உண்டு, இல்லை என்று முடிவு சொல்லாது.

கடைசியில் எல்லோரும் ஒருவராக இணைந்துவிட வேண்டுமா?

அது உங்கள் முடிவு. முழுதாக இணைவதே சிறந்த முடிவு என்று மேலே சொன்ன வழிகாட்டி கருதுகிறது. ஆனால் எல்லோராலும் அது முடியாது, எல்லோரும் விரும்பவும் மாட்டார்கள் என்பதையும், அப்படிப்பட்டவர்கள் ஒத்துழைத்து வாழ்வதும் நல்ல விளைவுதான் என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. நாங்கள் பலராகவே இருக்க முடிவு செய்திருக்கிறோம். இணைந்து நிம்மதியாக வாழ்பவர்களையும் அறிவோம். யாரும் இறந்துபோகவில்லை, எல்லோரும் இதில் இருக்கிறோம் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். எதை நோக்கிப் போனாலும் பாதை ஒன்றுதான்: ஒருவரையொருவர் அறிவது, பயத்தைக் குறைப்பது, நினைவைப் பகிர்வது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி இணைத்த இணைப்பு நிற்பதில்லை.

ஒருவர் செய்ததற்கு மற்றவர்கள் பொறுப்பா?

ஆம். குற்றவுணர்ச்சியில் எல்லோரும் வேக வேண்டியதில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பது, உடைந்ததைச் சரிசெய்வது, மீண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வது சிஸ்டம் முழுவதன் வேலை. 'அது நான் இல்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். புண்பட்டவருக்கு அது மருந்தாகாது. 'எனக்கு நினைவில்லை, ஆனால் எங்களால் நடந்தது, நாங்கள் சரிசெய்கிறோம்' என்று சொல்லலாம்.

யாரிடம் சொல்லலாம்?

சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே சிறியதாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். 'எனக்குச் சில நேரம் நினைவு விடுபடும்' என்பதை ஒருவர் எப்படி வைத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். அலுவலகத்தில் காரணத்தைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்கலாம்: வேலைகளை எழுத்தில் தாருங்கள் என்பது போல. உங்களைக் காயப்படுத்தியவரோடு இன்னும் தொடர்பில் இருப்பவரிடம் சொல்லும் முன் பலமுறை யோசியுங்கள். உள்ளே ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றால், அவர் காரணத்தைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

என் நண்பர் தான் ஒரு சிஸ்டம் என்று சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, 'உன்னை, உங்களை, எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேளுங்கள். ஒருமையா பன்மையா, அவனா அவளா அவரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் எல்லோரையும் ஒரே பெயரில் கூப்பிடுவதையே விரும்புவார்கள். வெளியாட்கள் முன்னிலையில் எந்தப் பெயர் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உள்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருடைய ரகசியத்தை நீங்கள் உடைத்ததாகிவிடும்.

'மொத்தம் எத்தனை பேர்?', 'உண்மையான நீ யார்?', 'சின்னப் பிள்ளையை வரச் சொல், பார்க்கலாம்' இந்த மூன்றையும் கேட்காதீர்கள். எண்ணிக்கை பலருக்கே தெரியாது. உண்மையானவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் எல்லோரையும் பொய் என்று சொன்னதாகும். மூன்றாவது, ஒருவரை வேடிக்கைப் பொருளாக்குவது.

யார் முன்னால் இருக்கிறார் என்று ஊகித்துக்கொண்டே இருப்பதும் களைப்பூட்டும். தெரிய வேண்டிய தேவை இருந்தால் கேளுங்கள். 'தெரியவில்லை' என்பதும் ஏற்க வேண்டிய பதில். ஒருவர் உங்களை மறந்திருந்தால் புண்படாமல் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்தவர் ஒருவர் இருப்பார், அது இயல்பு. ஆனால் அவர் வரும்போது மட்டும் முகம் மலர்ந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துப் போகாதீர்கள். அந்த நினைவு அவரிடம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கும்.

துணைவராக இருப்பவர் என்ன கவனிக்க வேண்டும்?

சம்மதம். ஒருவர் சம்மதித்தது எல்லோருடைய சம்மதமும் அல்ல. உடல் நெருக்கத்தின் நடுவே பார்வை வெறித்தாலோ, பேச்சு நின்றாலோ, குரல் சிறுத்தாலோ நிறுத்திவிடுங்கள்; கேளுங்கள்; பதில் தெளிவாக இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். குழந்தையாக இருப்பவர் முன்னால் இருக்கும்போது நீங்கள் காதலர் அல்ல, பாதுகாப்பான பெரியவர் மட்டுமே. உள்ளிருப்பவர்களில் சிலருக்கு நீங்கள் நண்பராக மட்டும் இருக்கலாம், சிலருக்கு உங்களைப் பிடிக்காமலும் போகலாம். சண்டை வந்தால் ஒருவருக்கு எதிராக இன்னொருவரைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

பழைய காலத்தில் மாட்டிக்கொண்டதுபோல் பயந்து உறைந்துவிட்டால் எப்படி உதவுவது?

கேட்காமல் தொடாதீர்கள். வாசலை மறைத்து நிற்காதீர்கள். அவர் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள்: உங்கள் பெயர், இன்றைய தேதி, இது எந்த இடம், இப்போது இங்கே வேறு யாரும் இல்லை. காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், குளிர்ந்த நீர் கொடுங்கள், கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். எது உதவும், எது கெடுக்கும் என்று நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வைப்பது இதையெல்லாம்விட மேல். குளிர்ந்த நீரே சிலருக்குப் பழைய பயத்தைக் கிளப்பும்.

எனக்கே தாங்க முடியவில்லை. நான் விலகலாமா?

எல்லை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பேச முடியாது என்றால் அதை எல்லோருக்கும் பொதுவாக, எழுத்தில், முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரமென்றால் வேறு யாரை அழைக்கலாம் என்பதையும் சேர்த்து. காலையில் எட்டு முறை பேசிவிட்டு மாலையில் காணாமல் போகும் அன்பு, கைவிடப்பட்டவர்களுக்குத் தெரிந்த பழைய கதை. குறைவாக, ஆனால் சொன்ன நேரத்தில் வருபவரையே அவர்களால் நம்ப முடியும்.

நானும் ஒரு சிஸ்டம். மற்ற சிஸ்டங்களுக்கு உதவ விரும்புகிறேன்.

எதிரில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்காமல் கொடுமைகளின் விவரத்தைச் சொல்லத் தொடங்காதீர்கள். அவருக்குள் அதைக் கேட்கக் கூடாத குழந்தை இருக்கலாம். 'நீயும் நிச்சயம் சிஸ்டம்தான்' என்று யாருக்கும் பெயர் சூட்டாதீர்கள், அவரே கண்டுகொள்ளட்டும். உங்கள் உள்ளமைப்பு அவருடையதுபோல் இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் காவலர், குழந்தை, வாயில்காப்பவர் என்று எல்லோருக்கும் ஒரு பதவி இருக்கலாம். அவரிடம் பதவியே இல்லாத நான்கு பேர் சும்மா இருக்கலாம். உதவி செய்வதற்கென்றே ஒருவர் உங்கள் உள்ளே இருந்தால், அவர் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார் என்று மற்றவர்கள் அவரைக் கேட்க வேண்டும்.

பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டால்?

'மன்னிக்கணும்' என்று சொல்லி, சரியான பெயரைச் சொல்லி, பேச்சைத் தொடருங்கள். நீளமாக வருத்தப்பட்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.